மவுஸ்ஸாகலையில் ஒரு மீற்றரும் ரந்தெனிகலவில் ஒரு மீற்றரும்: நீர்மட்டம் குறைந்தால் மின்சாரம் எவ்வளவு குறைகிறது?

நோர்வூட் வாசகன் எழுதியது:

மலையகத்தில் மழை பின்வாங்கும் ஒவ்வொரு முறையும் செய்திகளில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: "நீர்மின் உற்பத்தி செய்யும் நீர்த்தேக்கங்களின் நீர்மட்டம் இத்தனை வீதமாகக் குறைந்துள்ளது." அதற்கு அடுத்த வாக்கியம் மின்வெட்டைப் பற்றியதாக இருக்கும். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று யாரும் விளக்குவதில்லை.

எங்கள் பக்கத்தில் வரட்சிக்கு ஓர் அளவுகோல் உண்டு. மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. நீர் நன்றாக வற்றும்போது அந்த நகரத்தின் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் இருந்த இடங்கள் வெளியே தெரியும். மக்கள் குடும்பத்தோடு போய்ப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், அன்று இரவே மின்வெட்டு வருமா என்று பேசிக்கொள்வார்கள்.

என் கேள்வி எளிமையானது. நீர்த்தேக்கம் பாதியாகிவிட்டால் மின்சாரமும் பாதியாகிவிடுமா? என் தந்தை, "தண்ணி கொறஞ்சா கரண்டும் மங்கலாத்தான் வரும்" என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் மறுத்துச் சொல்லவும் தெரியவில்லை.

---

பழைய டர்பைன்காரர் எழுதியது:

நீர்மின் நிலையங்களில் பல ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நீர்மட்டம் குறைந்தால் இந்த நிமிடத்தில் எத்தனை மெகாவாட் எடுக்கலாம் என்பது ஒன்று. கையில் இருக்கும் நீரை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாட்கள் ஓட்டலாம் என்பது மற்றது. செய்திகள் இரண்டையும் ஒரே வீதத்துக்குள் போட்டுக் கலக்கிவிடுகின்றன.

முதலில் ஒரு கணக்கு. ஒரு கன மீற்றர் நீர், அதாவது ஆயிரம் லீற்றர், 367 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால், இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், சரியாக ஓர் அலகு, அதாவது ஒரு கிலோவாட் மணித்தியாலம், மின்சாரம் கிடைக்கும். டர்பைனிலும் மின்பிறப்பாக்கியிலும் குழாய்களிலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு போய்விடும் என்று கொண்டால், நடைமுறையில் ஓர் அலகுக்கு நானூறு மீற்றருக்குச் சற்று மேற்பட்ட உயரம் வேண்டும். ஆகவே நீரின் அளவைச் சொன்னால் மட்டும் போதாது. அந்த நீர் கடலை அடையும் வழியில் எத்தனை டர்பைன்களினூடாக எவ்வளவு உயரம் இறங்கப்போகிறது என்பதையும் சொல்லவேண்டும்.

இப்போது மவுஸ்ஸாகலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து புறப்படும் நீர் கெனியன் நிலையத்தில் ஏறத்தாழ 200 மீற்றர் இறங்குகிறது. பின்னர் புதிய லக்ஷபானவில் 540 மீற்றர் அளவும், அதன் பின் பொல்பிட்டியவில் 260 மீற்றர் அளவும் இறங்குகிறது. கூட்டிப் பார்த்தால் ஆயிரம் மீற்றர். பக்கத்து நீர்த்தேக்கமான காசல்ரீயின் நீரும் விமலசுரேந்திர நிலையம், பழைய லக்ஷபான, பொல்பிட்டிய என்று ஏறக்குறைய அதே உயரத்தை இறங்குகிறது. ஆகவே அந்த மலைத் தண்ணீரின் ஒவ்வொரு கன மீற்றரும் இரண்டேகால் அலகுக்குக் குறையாமல் மின்சாரம் தரும். மகாவலி ஆற்றில் உள்ள விக்டோரியா நீர்த்தேக்கத்தின் ஒரு கன மீற்றரோ விக்டோரியா நிலையத்தில் சுமார் 190 மீற்றரும், ரந்தெனிகலவில் 78 மீற்றரும், ரந்தம்பையில் 30 மீற்றர் சொச்சமும் இறங்கி, முக்கால் அலகுக்குக் கிட்டத்தான் தரும். விக்டோரியாவின் முழுக் கொள்ளளவு 722 மில்லியன் கன மீற்றர்; மவுஸ்ஸாகலை 123 மில்லியன்தான். கொள்ளளவில் ஆறு மடங்கு பெரியதான விக்டோரியா, மின்சாரக் கணக்கில் மவுஸ்ஸாகலையின் இரண்டு மடங்கைக்கூட எட்டாது.

ஆகவே "எல்லா நீர்த்தேக்கங்களிலும் சேர்த்து 50 வீதம்" என்று யாராவது சொன்னால், எந்த ஐம்பது என்று கேளுங்கள். நீரின் கனவளவில் ஐம்பதா, அந்த நீர் தரக்கூடிய கிகாவாட் மணித்தியாலங்களில் ஐம்பதா? மின்சாரத் திட்டமிடலுக்குப் பயன்படுவது இரண்டாவதுதான்.

அடுத்தது உங்கள் தந்தை சொன்னது. இன்றைய தேசிய மின்வலையமைப்பில் மின்சாரம் மங்கலாக வர வாய்ப்பில்லை. டர்பைன் ஒரே வேகத்தில்தான் சுழலவேண்டும். வலையமைப்பின் அதிர்வெண் 50 ஹேர்ட்ஸ். நீர் குறைந்தால் இயந்திரம் மெதுவாகாது. அதே வேகத்தில் சுழன்றபடி குறைவான சுமையை இழுக்கும். இழுக்கவே முடியாத நிலையில் நிறுத்திவிடுவோம்.

---

பேராதனை மாணவி எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. ஒன்றைச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன், தவறாயின் திருத்துங்கள்.

நீர்மட்டம் குறைவதால் விழும் உயரம் குறைகிறது, அதே விகிதத்தில் மின்வலுவும் குறைகிறது என்றுதான் பாடநூல்கள் தொடங்குகின்றன. ஆனால் டர்பைனின் கதவுத் தகடுகளை முழுமையாகத் திறந்து வைத்திருக்கும்போது உயரம் குறைந்தால், உள்ளே பாயும் நீரின் அளவும் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். இரண்டையும் பெருக்கினால் உயர்ந்தபட்ச மின்வலு உயரத்தின் ஒன்றரையாம் படிக்கு ஏற்பக் குறைகிறது. உயரத்தில் கால்பங்கு போனால், வலுவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு போய்விடும்.

இந்தக் கணக்கை நீங்கள் சொன்ன இரண்டு இடங்களிலும் போட்டுப் பார்த்தேன். ரந்தெனிகலவில் நீர்மட்டம் இருபது மீற்றர் இறங்கினால், 78 மீற்றரில் கால்பங்கு இல்லாமற் போகிறது. 122 மெகாவாட் நிலையம் 80 மெகாவாட்டைத் தாண்டத் திணறவேண்டும். மவுஸ்ஸாகலையில் அதே இருபது மீற்றர் இறங்கினால், கெனியனின் 200 மீற்றரில் பத்திலொன்று போகிறது, அவ்வளவுதான். கீழே உள்ள புதிய லக்ஷபானவுக்கும் பொல்பிட்டியவுக்கும் சிறு தடாகங்களிலிருந்து நீர் போவதால், மேலே நீர்த்தேக்கம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியவே தெரியாது. முழுச் சங்கிலியையும் எடுத்தால் ஆயிரம் மீற்றரில் இருபது, இரண்டு வீதம்!

அப்படியானால், மட்டம் குறைவதால் ஏற்படும் நேரடி இழப்பு உயர்ந்த மலைச் சங்கிலியில் பெரிய விடயமே அல்ல என்று சொல்லலாமா?

---

பழைய டர்பைன்காரர் எழுதியது:

சொல்லலாம் மகள், சரியாகப் பிடித்துவிட்டீர்கள். மலையில் பிரச்சினை மட்டத்தில் இல்லை, தண்ணீர் தீர்ந்துபோவதில்தான். மகாவலியின் கீழ்ப்பகுதியில் இரண்டும் சேர்ந்து வருகின்றன.

ஆனால் உங்கள் கணக்கில் வராத ஒன்று இயந்திரத்தின் உடல்நிலை. ஒவ்வொரு டர்பைனும் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்காக வடிவமைக்கப்பட்டது. அதிலிருந்து வெகுவாக விலகினால் திறன் குறைவதோடு, வெளியேறும் குழாயில் நீர் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு சுழலத் தொடங்கும். தளம் அதிரும். நிலக்கீழ் மண்டபத்தில் நிற்பவனுக்கு அது காதில் கேட்பதற்கு முன்பே காலில் தெரியும். நீருக்குள் தோன்றும் ஆவிக்குமிழ்கள் தகடுகளில் மோதி வெடிப்பதால் உருக்கு இரும்பு கறையான் அரித்த பலகைபோல் ஆகிவிடும். ஆண்டுப் பராமரிப்பில் திறந்து பார்க்கும்போதுதான் வரட்சியில் ஓட்டியதன் விலை தெரியவரும்.

இன்னொன்று, நீரை உள்வாங்கும் வாய். மேலே போதிய ஆழத்துக்கு நீர் நிற்காவிட்டால் சுழி உருவாகிக் காற்றும் சருகும் உள்ளே இழுபடும். குழாய்க்குள் காற்று போவதை எந்தப் பொறியியலாளரும் விரும்பமாட்டார். ஆகவேதான் ஒவ்வொரு நீர்த்தேக்கத்துக்கும் ஆகக்குறைந்த இயக்க மட்டம் என்ற கோடு உண்டு. அந்தக் கோட்டுக்குக் கீழே நீர் கண்ணுக்குத் தெரியும், படகு கூட விடலாம், ஆனால் மின்சாரத்துக்கு அது இல்லை. மேலிருந்து வரும் வண்டல் அந்தப் பகுதியை நிரப்பி, பின்னர் பயன்படும் பகுதிக்குள்ளும் ஏறுகிறது. ரந்தம்பையைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மரக்கறித் தோட்டங்களின் மண் எங்கே போகிறது என்று கேட்பவர்கள் அங்கே ஒருமுறை போய் வரலாம்.

---

அம்பாந்தோட்டை அயலவர் எழுதியது:

இங்கே எல்லோரும் தண்ணீரை அலகுகளாகவே எண்ணுகிறீர்கள். நாங்கள் அதை ஏக்கர்களாக எண்ணுகிறோம்.

2023ஆம் ஆண்டு சிறுபோகத்தில் எங்கள் வயல்களுக்கு நீர் தரும் உடவளவை நீர்த்தேக்கம் வற்றியபோது என்ன நடந்தது என்பதை மறந்துவிட்டீர்களா? மேலே சமனலவெவ நீர்மின் தேக்கத்தில் நீர் இருந்தது. கீழே கதிர் விடும் நேரத்தில் வயல் வெடித்துக்கொண்டிருந்தது. விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். நீரைத் திறந்தால் தென்மாகாணத்தில் நாளாந்தம் பல மணித்தியாலங்கள் மின்வெட்டு வரும் என்று பதில் வந்தது. இறுதியில் அமைச்சரவை முடிவெடுத்துத்தான் நீர் திறக்கப்பட்டது. அதற்குள் எங்கள் குடும்பம் குத்தகைக்கு எடுத்திருந்த வயலில் ஒரு பகுதி கருகிவிட்டது.

எனக்கு விளங்காதது ஒன்று. சமனலவெவ நீர் டர்பைனினூடாகத்தானே வலவை ஆற்றுக்கு வருகிறது? நீரைத் திறந்தால் மின்சாரம் கிடைக்கத்தானே வேண்டும், எப்படி இல்லாமற் போகும்?

---

பழைய டர்பைன்காரர் எழுதியது:

மிக நியாயமான கேள்வி. உங்கள் வயலுக்கு நடந்தது எனக்கு வருத்தமே.

நீங்கள் சொன்னது சரி: நீர் 320 மீற்றர் இறங்கி 120 மெகாவாட் நிலையத்தின் டர்பைன்களைச் சுழற்றிவிட்டுத்தான் உங்களிடம் வருகிறது. வலதுகரையில் நீர்த்தேக்கம் நிரப்பத் தொடங்கிய 1992ஆம் ஆண்டிலிருந்தே இருக்கும் கசிவு மட்டும் வேறு வழியாகப் போகிறது. அதுவும் வீணாகவில்லை, கல்தொட்டை வயல்களுக்கு உதவுகிறது. ஆகவே தகராறு "நீரா மின்சாரமா" என்பதல்ல. "எப்போது" என்பதுதான். இன்று முழுவதும் ஓட்டி நீரைக் கீழே அனுப்பினால் இன்று மின்சாரம் தேவைக்கு மேலேயே கிடைக்கும். மூன்று வாரங்கள் கழித்து, தெற்கே மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க அந்த நிலையம் மாலை நேரத்தில் கட்டாயம் வேண்டும் என்ற நிலை வரும்போது, அங்கே நீர் இருக்காது. அந்த ஆண்டில் தெற்குக்கான புதிய உயரழுத்த மின்பாதை முடிவடையாமல் இருந்தது. அது முடிந்திருந்தால் வேறு நிலையங்களின் மின்சாரத்தைத் தெற்கே கொண்டுபோயிருக்கலாம். சமனலவெவவைப் பூட்டி வைக்கும் தேவை இவ்வளவு இறுக்கமாக இருந்திராது. கம்பி இழுக்கப்படாததற்கான விலையை நெல் கொடுத்தது என்றுதான் நான் நினைக்கிறேன். இது என் சொந்தக் கருத்து.

மகாவலியில் நிலைமை எதிர்மாறு. அங்கே நீர்ப்பாசனத்துக்கே முதலிடம். பொல்கொல்லையில் எவ்வளவு நீரை வடக்கே திருப்புவது, மினிப்பே அணைக்கட்டுக்கு எவ்வளவு விடுவது என்பதை நீர் முகாமைத்துவக் கூட்டங்கள் தீர்மானிக்கின்றன. ரந்தெனிகலவில் நீர் நிறைய இருந்தும் கீழே வயலுக்குத் தேவையில்லை என்றால் ஓட்டமுடியாது என்ற காலமும் உண்டு. ஆகவே "நீர்மட்டம் இத்தனை வீதம்" என்ற எண்ணுக்குள் மின்சாரத்துக்கு உரிமையில்லாத நீரும் அடங்கியிருக்கிறது.

---

களனிக்கரை எழுதியது:

கொழும்பிலிருந்து ஒரு சிறு குறிப்பு. காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீருக்கு மூன்றாவது பங்காளி ஒருவர் இருக்கிறார். களனி கங்கையின் ஓட்டம் வரட்சியில் மெலிந்தால் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி அம்பத்தளைக் குடிநீர் உள்ளெடுப்பு வரை வந்துவிடும். அதைத் தள்ளி வைக்க மேலிருந்து நீர் வந்துகொண்டே இருக்கவேண்டும். மின்சாரத்துக்காக இரவில் நாலு மணித்தியாலம் மட்டும் ஓட்டுவோம் என்று முடிவெடுத்தாலும், தலைநகரின் குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கக்கூடாது என்பதற்காகப் பகலிலும் கொஞ்சம் விடவேண்டியிருக்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தலைநகரவாசிகள் தேநீர் குடிக்கும்போது மஸ்கெலியாவை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம், தேயிலைக்காக மட்டுமல்ல.

---

ஊர்க்குருவி 77 எழுதியது:

இவ்வளவு விளக்கமும் எதற்கு? அவசர மின்கொள்வனவுக்காகவே ஒவ்வொரு முறையும் "நீர் இல்லை" என்ற கதை விடுகிறார்கள். மழை பெய்தால் வான்கதவைத் திறந்து கடலுக்கு அனுப்புகிறார்கள், இரண்டு மாதம் கழித்து நீர் இல்லை என்கிறார்கள். 2019 மார்ச்சில் விமானத்தில் போய் மேகத்துக்கு மருந்து தூவிச் செயற்கை மழை என்று படம் காட்டினார்கள். மின்வெட்டு நின்றதா?

---

பேராதனை மாணவி எழுதியது:

கொள்வனவு விலைகள் பற்றிக் கேள்வி எழுப்புவது குடிமக்களின் உரிமை. ஆனால் நீர் இல்லை என்பதைக் கதை என்று சொல்வதற்கு வரலாறு இடம் தரவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை இலங்கையின் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி நீரிலிருந்தே வந்தது. 1996இல் மழை பொய்த்தபோது ஈடுகொடுக்க வேறு நிலையங்கள் போதவில்லை. நாடு நாள்தோறும் மணிக்கணக்காக இருளில் இருந்தது. 2001இலும் வரட்சி மின்வெட்டைக் கொண்டுவந்தது. பின்னர் நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் வந்ததால், அதேபோன்ற வரட்சிகள் இருளாக அல்லாமல் செலவாக மாறின. நீர் குறைந்த மாதங்களில் எண்ணெய் எரிக்கிறோம். 2022இல் அந்த எண்ணெயை வாங்க டொலர் இல்லாமற் போன நேரமும் நீர்த்தேக்கங்கள் வற்றிய வரண்ட மாதங்களும் ஒன்றாக வந்து சேர்ந்தபோதுதான், மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. நீர் மட்டும் குறைந்திருந்தாலோ டொலர் மட்டும் குறைந்திருந்தாலோ அந்த அளவுக்குப் போயிருக்காது என்பதே என் எண்ணம்.

வான்கதவு பற்றி: நமது நீர்த்தேக்கங்கள் எல்லாம் நிரம்பி இருந்தாலும் அவற்றில் அடங்குவது ஏறத்தாழ 1,200 கிகாவாட் மணித்தியாலம்தான் என்று படித்திருக்கிறேன். நாட்டின் ஒரு மாதத் தேவையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது பல ஆண்டுகளுக்கான களஞ்சியமல்ல, ஒரு பருவத்துக்கான குதிர். காசல்ரீ போன்ற சிறிய நீர்த்தேக்கம் தென்மேல் பருவமழையில் சில நாட்களில் நிரம்பி வழிவது அதனால்தான். அதே நாட்களில் விக்டோரியா பாதிக்குக் கீழே கிடக்கக்கூடும். மலையின் மேற்குப்புறத்து வெள்ளத்தைக் கிழக்குப்புறத்து அணையில் சேமிக்க வழியில்லை.

---

நோர்வூட் வாசகன் எழுதியது:

சூரிய மின்சாரம் இவ்வளவு வந்த பிறகும் நாம் ஏன் நீரையே நம்பியிருக்கவேண்டும் என்று என் தம்பி கேட்கிறான். கூரைகளில் பலகை போட்டவர்கள் எங்கள் நகரிலேயே பலர் இருக்கிறார்கள்.

---

பழைய டர்பைன்காரர் எழுதியது:

தம்பியின் கேள்விக்கு: சூரிய மின்சாரம் நீரைச் சேமிக்க உதவுகிறது, மெய்தான். பகலில் அது வருவதால் டர்பைன்களை நிறுத்தி வைத்து, மாலை ஆறரை தொடக்கம் பத்தரை வரை உள்ள உச்ச நேரத்துக்கு நீரை வைத்திருக்கலாம். அந்த வகையில் ஒவ்வொரு கூரையும் மவுஸ்ஸாகலையில் கொஞ்சம் நீரை ஊற்றுகிறது. வரட்சி மாதங்கள் வெயில் மாதங்களாகவும் இருப்பது நமது அதிர்ஷ்டம். ஓடைகளில் தேக்கமின்றி இயங்கும் தனியார் சிறு நீர்மின் நிலையங்கள் அந்த மாதங்களில்தான் கைவிடுகின்றன. மேல் கொத்மலைகூட, 150 மெகாவாட் நிலையமாக இருந்தும், தலவாக்கலையில் உள்ள சிறு தடாகத்தை நம்பியிருப்பதால் நாளுக்குச் சில மணித்தியாலங்களே ஓடும்.

ஆனால் சுழலும் இயந்திரம் வேறொரு வேலையும் செய்கிறது. எங்கோ ஒரு பெரிய நிலையம் திடீரென்று அறுந்தால், அதிர்வெண் விழும் அந்தச் சில விநாடிகளில் தன் சுழற்சியின் எடையால் வலையமைப்பைத் தாங்கிப் பிடிப்பதும், உடனே கதவைத் திறந்து சுமையை ஏற்பதும் விக்டோரியா, கொத்மலை போன்ற நீர்மின் இயந்திரங்கள்தான். நீர் குறைவு என்பதற்காக அவற்றைப் பகலில் நிறுத்தி வைக்கும்போது, அந்தத் தாங்கலும் குறைகிறது. 2025 பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏற்படுத்திய கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியதை எல்லோரும் பகிடியாகப் பேசினோம். நல்ல வெயில், குறைந்த தேவை, சுழலும் இயந்திரங்கள் கொஞ்சம்: அந்தச் சேர்க்கையைப் பற்றிக் குறைவாகவே பேசினோம். ஆகவே நீர் குறைந்த காலத்தில் கட்டுப்பாட்டு நிலையத்தில் இருப்பவர் இழப்பது மெகாவாட்டுகளை மட்டுமல்ல, விரும்பிய நேரத்தில் விரும்பிய இயந்திரத்தை எடுக்கும் சுதந்திரத்தையும்தான். அதை எந்த வீதத்திலும் அச்சிட முடியாது.

---

அம்பாந்தோட்டை அயலவர் எழுதியது:

"எப்போது" என்ற விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த "எப்போது" பற்றிய கணக்கைப் போகத் தொடக்கக் கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாம் அல்லவா? இவ்வளவு நீர்தான் வரும் என்று விதைக்குமுன் தெரிந்திருந்தால், நாங்கள் பாதி வயலில் பயறு போட்டிருப்போம்.

---

பழைய டர்பைன்காரர் எழுதியது:

சொல்லியிருக்கவேண்டும். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

---

நோர்வூட் வாசகன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இழையை முழுவதுமாகத் தந்தைக்கு வாசித்துக் காட்டினேன். மின்சாரம் மங்கலாக வராது என்ற பகுதி வந்ததும் அவர் சிரித்துவிட்டார்.

அவர் சொன்னது தேசிய மின்சாரத்தை அல்லவாம். அறுபதுகளில் அவர் சிறுவனாக இருந்தபோது, அவர்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்குச் சொந்தமாக ஒரு சிறிய டர்பைன் இருந்ததாம். மேலே ஓடையில் ஒரு கட்டு, அங்கிருந்து இரும்புக் குழாய். தொழிற்சாலைக்கும் பெரியவர்களின் வீடுகளுக்கும் மட்டும் வெளிச்சம், தொழிலாளர்கள் வாழ்ந்த லயங்களுக்கு இல்லை. மாசி, பங்குனியில் ஓடை மெலிந்தால் தொழிற்சாலை விளக்குகள் முதலில் மஞ்சளாகி, பின்னர் சிவந்து, ரோதை இழுக்க முடியாமல் நிற்குமாம். மேலே கட்டில் சருகை அள்ளிவிட என் பாட்டனாரைத்தான் அனுப்புவார்களாம். அவர் அள்ளிவிட்டுத் திரும்பி நடக்கும்போது, கீழே தொழிற்சாலையின் ஜன்னல்கள் மெல்ல மெல்ல வெளுப்பதைப் பாதையிலிருந்தே பார்க்கலாமாம்.

டர்பைன்காரர் ஐயா, வலையமைப்போடு இணையாத அப்படிப்பட்ட இயந்திரத்தில் அது நடக்கும்தானே?

---

பழைய டர்பைன்காரர் எழுதியது:

தாராளமாக நடக்கும். தனித்து ஓடும் சிறு இயந்திரத்தில் நீர் குறைந்தால் வேகமும் மின்னழுத்தமும் ஒன்றாக விழும், விளக்குச் சிவக்கும். அப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அந்தக் குழாய் இன்னும் அங்கே கிடக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள்; பல தோட்டங்களில் தேசிய மின்சாரம் வந்த பின்னர் கழற்றி விற்றுவிட்டார்கள்.